பச்சைத் தண்ணீரில் ஒரு சொம்பு

ஆனைமலைப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. வீட்டுக்காரர்கள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் குதித்து விளையாடட்டும் என்று ஆசை ஆசையாக ஒரு நீச்சல்குளம் கட்டியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தமயந்தி வந்தார்.

தமயந்தி கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசாதவரைத் தேடிப் போய்ப் பேசுவது நம் ஜனங்களுக்குப் பிடித்த வேலை. அவரைக் குருவாக்கி, அவர் முன்னால் கண்ணை மூடிச் சும்மா உட்கார ஞாயிற்றுக்கிழமைகளில் தோப்புக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சிலர் மறுபடியும் வந்தார்கள். நாச்சிமுத்து போகவே இல்லை.

நாச்சிமுத்து திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தியவர். பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, தோப்பிலேயே மோட்டார் ரூமுக்குப் பக்கத்து அறையில் தங்கிக்கொண்டார். தமயந்தியைவிட நன்றாகவே மூத்தவர். வந்த புதிதில் வாய் தவறி, சின்னப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல் "அம்மிணி" என்று கூப்பிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்று மாற்றிக்கொண்டார். தமயந்தியோ முதல் நாளிலிருந்தே அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார். குரு வாயால் அண்ணா பட்டம் வாங்கிய சீடர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. சும்மா இருப்பதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்தார். அது உண்மையும்கூட. மற்றவர்கள் கொசுவை அடிப்பார்கள், காலை மாற்றிப் போடுவார்கள், போனை எடுத்துப் பார்ப்பார்கள். நாச்சிமுத்து கண்ணை மூடினால் மூடினதுதான்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மோட்டார் புகைந்து நின்றது. பொள்ளாச்சியிலிருந்து ஆள் வந்து சரிசெய்வதற்குள் குளம் பச்சையாகிவிட்டது. பச்சைத்தண்ணி என்று நாம் சாதாரணமாகச் சொல்வோமே, அது வேறு. இது நிஜமாகவே பச்சை. முதல் படிகூடத் தெரியவில்லை.

அந்தப் பச்சைக் குளத்தின் கரையில் நாச்சிமுத்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் வசந்தாமணி வந்தாள். அவருடைய ஒரே தங்கை. கூடவே அவள் வீட்டுக்காரர், கையில் தாம்பூலத் தட்டு.

செருப்புச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளின் நடை தெரியாமல் போகுமா? ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

"ண்ணா," என்றாள் வசந்தாமணி.

அவர் அசையவில்லை.

"நம்ம கோகிலாவுக்குக் கல்யாணமுங்க. மாப்பிள்ளை உடுமலைங்க. வளர்பிறை முகூர்த்தத்துல வெச்சிருக்கறோம்."

அவள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிப் பார்த்தார். தென்னை மரத்தடியில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த தமயந்தி நிமிர்ந்து பார்த்தார்.

வசந்தாமணி தட்டை வாங்கிக் குளத்துக் கரையில் வைத்தாள்.

"பட்டம் கட்டறதுக்கு மாமன் மொறையில வேற ஒருத்தரையும் நிறுத்த மாட்டனுங்க," என்றாள். "வந்தா நீங்க. வராட்டி அந்த எடம் வெறுமனே கெடக்கும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிவிடுவது தாய்மாமன். கூடப் பிறந்த மாமன் வராவிட்டால் முறைக்கு யாராவது ஒருவரைப் பிடித்து நிறுத்திக் காரியத்தை முடித்துவிடுவார்கள். சபையில் இடத்தை வெறுமனே போட்டுவைக்க யாருக்கும் துணிச்சல் வராது. வசந்தாமணி செய்வாள். அது நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

அவர் கண்ணைத் திறந்தார். வலது கட்டைவிரலைப் பார்த்தார். அதில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. தங்கை மகள் கோகிலாவுக்கு அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். வலி பொறுக்காமல் குழந்தை, கைக்கு அகப்பட்ட மாமன் விரலை அழுத்திக் கடித்துவிட்டாள். அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

எழுந்து தமயந்தியிடம் போனார்.

"என்ற தங்கச்சிகூட நான் பேசறதில்லீங்கம்மா. எங்கம்மா போனதுலிருந்தே பேச்சில்லை. இப்ப வந்து கூப்புட்டுட்டுப் போறா. போறதா, வேண்டாமாங்க?"

தமயந்தி கையில் சொம்பு இருந்தது. பித்தளைச் சொம்பு. அவர் தண்ணீர் குடிப்பது எப்போதும் அதில்தான். மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். சொம்பைக் குளத்தின் நடுவில் வீசினார்.

பச்சை வாயைத் திறந்து சொம்பை விழுங்கிவிட்டு மூடிக்கொண்டது.

"அது இங்கிருந்து பாத்தாத் தெரியட்டும்," என்றார் தமயந்தி. "அப்பறம் கேளுங்ண்ணா."

"வளர்பிறைக்குள்ள தெரியணுமேங்க?"

"அப்ப இன்னிக்கே ஆரம்பிச்சுருங்க."

"எப்படித் தெளிய வெக்கறதுங்க?"

"நீங்க தண்ணியில பொழைச்ச ஆளு. என்னையக் கேக்கறீங்களே."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. வழி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

போன வருஷம் தமயந்தி எல்லோரையும் ஓடைப்பக்கம் அழைத்துப் போயிருந்தார். எல்லோருக்கும் தாகம். அந்த நேரம் பார்த்து மாட்டுக்காரன் ஒருவன் இருபது மாட்டை ஓடையில் இறக்கிவிட்டான். தண்ணீர் சேறாகிவிட்டது. சிலர் கையால் விலக்கிப் பார்த்தார்கள், சிலர் மேலே போய்ப் பார்த்தார்கள். தமயந்தி குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சேறு தானாக அடங்கியது. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தன் வாழ்க்கைக்கே அங்கே விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

ஆகவே இப்போது மோட்டார் ரூமுக்குப் போனார். தண்ணீரைச் சுற்ற விட்டால் கலங்குமே என்று, ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினார். குளத்தின் கரையில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கும் உட்கார்ந்தார், மறுநாளும் உட்கார்ந்தார். நல்ல வெயில் அடித்தது. அவர் ஆடவில்லை, அசையவில்லை.

தமயந்தி அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னங்ண்ணா பண்றீங்க?"

"சும்மா இருக்கறனுங்க."

"அதுவும் சும்மா இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து கண்ணைத் திறந்து பார்த்தார். கரையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. தண்ணீரின் பச்சை கெட்டிப்பட்டுக் கருத்திருந்தது. சுவர் ஓரமெல்லாம் வழவழவென்று தொங்கியது. நேற்று மங்கலாகத் தெரிந்த ஏணிக் கம்பியின் நுனியும் இன்றைக்குக் காணோம்.

"ஓடை தெளிஞ்சுதேங்கம்மா?" என்றார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"தெளிஞ்சுது."

"இது ஏனுங்க தெளிய மாட்டேங்குது?"

"அது சேறு."

"இது?"

தமயந்தி தவளையை விரட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாச்சிமுத்து யோசித்தார். அது சேறு. இது என்ன? பார்த்தால் தெரியவில்லையா, இது நிறம்! பச்சை நிறம். நிறம் என்றால் அது தன் சரக்கல்லவா! முப்பது வருஷம் நிறத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாகப் பிழைத்தவருக்கு ஒரு தொட்டிப் பச்சை எம்மாத்திரம்? எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

பிளீச்சிங் பவுடரை மூட்டையாக வரவழைத்தார். நல்ல உச்சி வெயிலில் வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார். தோப்பு முழுக்க நெடி. தென்னையில் இருந்த அணில்கூட இறங்கி ஓடிவிட்டது. பச்சை கொஞ்சம் வெளுத்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் நெடி போய்விட்டது. விடிந்து பார்த்தால் பச்சை பழையபடி சிரித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் மஞ்சள் கலந்து.

மஞ்சளைப் பார்த்ததும் அவருக்குப் பட்டறைக்காரப் புத்தி வேலை செய்தது. வெளுத்த துணியில் மஞ்சள் தட்டினால் என்ன செய்வோம்? நீலம் போடுவோம். வேட்டிக்கு வீட்டில் பெண்கள் போடுவதும் அதைத்தானே?

ஆனைமலைக் கடைவீதிக்குப் போய்ச் சொட்டுநீலம் ஒரு பெட்டி கேட்டார்.

"பெட்டிங்களா?" என்றார் கடைக்காரர். "எத்தனை வேட்டிங்க தொவைக்கறீங்க?"

"வேட்டி ஒண்ணுதானுங்க. கொஞ்சம் பெருசு."

பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்துவிட்டு மோட்டாரைப் போட்டார். நீலம் சுழன்று சுழன்று பரவியது. வராண்டாவிலிருந்து பார்த்தால் காலண்டர் படம் போல இருந்தது குளம். அவருக்கே நம்ப முடியவில்லை. அவசரமாகப் போய்த் தமயந்தியை அழைத்து வந்தார்.

தமயந்தி வராண்டாவில் நின்று பார்த்தார். படியிறங்கி வந்து கரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். தண்ணீருக்குள் கையை விட்டார். மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல் போனது. வெளியே எடுத்தபோது விரல்களில் பாசி வழுக்கியது. புடவை நுனியில் நீலம் ஏறியிருந்தது.

"நெம்ப அழகா இருக்குதுங்ண்ணா," என்றார்.

நாச்சிமுத்து வேறு பக்கம் பார்த்தார். சொம்பு எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்று இருந்தது.

தமயந்தி அதைக் கேட்கவில்லை. புடவை நுனியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்.

"சாயம் காஞ்சாச்சுங்களாண்ணா?"

நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போனது. ஓர் அடி பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கோபமா துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"எதைங்க?"

"அந்த வார்த்தையை."

"என்ற பொடவையில சாயம் ஒட்டியிருக்குது. காஞ்சுதான்னு கேட்டனுங்க. யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே?"

நாச்சிமுத்து கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு ஆள் அனுப்புனாங்க. சாயக் கொப்பரையில நூலு வெந்துட்டு இருந்துது. நடுவுல எடுத்தாத் திட்டுத்திட்டாப் போயிரும். எடுத்து அலசிக் காயப் போட்டுட்டு ஓடுனனுங்க. போய்ச் சேரறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. வாசல்ல ஒறம்பரை, சொந்தபந்தம் பூரா நிக்குது. என்ற கையெல்லாம் செவப்புச் சாயம். என்ற தங்கச்சி வாசப்படியில வந்து நின்னா. 'சாயம் காஞ்சாச்சுங்களாண்ணா'ன்னு கேட்டா."

தென்னை மட்டை ஒன்று விழுந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏசியிருந்தாப் பரவால்லீங்க. ங்க போட்டு, மரியாதையாக் கேட்டா. அத்தனை பேரு முன்னால."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு வார்த்தை சொல்லலீங்கம்மா!" அந்தக் கஷ்டத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "நானும் நாலு கேட்டிருக்கலாம். கேக்கலை. அன்னியிலிருந்து சும்மாதான் இருக்கறன்."

"இப்ப அடங்கிருச்சுங்களா?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். அடங்கிவிட்டது என்று சொல்லத்தான் திறந்தார். குளத்தைப் பார்த்தார். நீலத்துக்கு அடியில் பச்சை.

வாயை மூடிக்கொண்டார்.

தமயந்தி எழுந்து போனார். நீளக் கம்பில் மாட்டிய பிரஷ்ஷோடு வந்தார்.

"செவுத்தைத் தேயுங்ண்ணா."

"தண்ணிதானுங்களே பச்சை?"

"தண்ணி என்ன பண்ணுச்சு? அது செவுத்தைப் புடிச்சு வளருது. மூலையில வளருது, ஏணிக்குப் பொறத்தால வளருது. வெயிலு பட்டா வளரும். மோட்டார நிறுத்தினா இன்னும் நல்லா வளரும். அதுக்கு உசுரு இருக்குதுங்ண்ணா."

நாச்சிமுத்து தேய்த்தார். சுவரைத் தேய்த்தார், படியைத் தேய்த்தார். ஏணிக்குப் பின்னால் கம்பு போகவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தேங்காய் நாரால் தேய்த்தார். கொத்துக் கொத்தாக வந்தது. இவ்வளவும் தான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது வளர்ந்ததா என்று அருவருப்பாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க வீம்பு ஏறியது. சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை.

தமயந்தி ஒரு சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, காரம் ஏறியிருக்கிறதா என்று மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். கொஞ்சம் ஆசிட் ஊற்றச் சொன்னார். நாச்சிமுத்துவின் கை பட்டறையில் பழகிய கை, அளவாக ஊற்றியது. குளோரினை எடுத்து வந்து வெயிலிலேயே கரைக்கப் போனவரைத் தமயந்தி நிறுத்தினார்.

"வெயில்ல போட்டா வெயிலே தின்னுரும். அன்னிக்குத் தின்னுச்சு பாருங்க. பொழுது எறங்கட்டும்."

பொழுது இறங்கியது. கரைத்து, குளத்தைச் சுற்றி நடந்து ஊற்றினார். மோட்டார் ஓடியது. வடிகட்டியைத் திருப்பிவிட்டுக் கழுவியபோது வெளிக்குழாயில் பச்சைக் குழம்பாகக் கொட்டியது. மறுபடியும் ஓடவிட்டார்.

காலையில் பார்த்தபோது பச்சை இல்லை. நீலமும் இல்லை, அதையும் குளோரின் தின்றுவிட்டது. அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது குளம். நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"பச்சை போயும் சொம்பு தெரியலீங்களேம்மா."

"செத்துருச்சுங்ண்ணா. பொணம் மெதக்குது."

"இப்ப என்னங்க பண்றது?"

"சும்மா இருங்க."

நாச்சிமுத்து அவரை முறைத்துப் பார்த்தார். குரு என்றும் பார்க்காமல் நன்றாகவே முறைத்தார்.

"அதைத்தானுங்க நான் மொதல்லயே பண்ணுனன்!"

"அப்ப அது உசுரோட இருந்துதுங்ண்ணா."

அந்த வார்த்தை நாச்சிமுத்துவுக்குள் எங்கோ போய் விழுந்தது.

தமயந்தி படிகாரத்தைப் பொடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இது சாயத்தைத் துணியில புடிச்சு நிறுத்தறதுங்களே. உடவே உடாதுங்க."

"இங்கயும் அந்த வேலைதான். மெதக்கறதையெல்லாம் ஒண்ணா இழுத்துப் புடிச்சு அடியில கொண்டுபோய் உக்கார வெச்சுரும். இப்ப மோட்டார நிறுத்துங்க."

கரைத்துத் தெளித்தார். மோட்டாரை நிறுத்தினார். கரையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வெளிச்சம் வந்தபோது குளம் கண்ணாடியாக இருந்தது. அடியில் சாம்பல் பூசினாற்போல ஒரு படலம். அதற்கு நடுவில், சாம்பலை மேலே போர்த்திக்கொண்டு, சொம்பு.

"தெரியுதுங்கம்மா!" தோப்பே கேட்கும்படி கத்தினார். "சொம்பு தெரியுது! கேக்கலாமுங்களா?"

"எடுங்க அதை," என்றார் தமயந்தி.

நாச்சிமுத்துவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கம்பை எடுத்து ஒரே வீச்சாகத் தண்ணீருக்குள் விட்டு, சொம்பின் கழுத்தில் மாட்டி இழுத்தார். சொம்பு உருண்டது. சாம்பல் எழும்பிப் புகையாகச் சுருண்டது. சொம்பைக் காணோம், தரையைக் காணோம். கண் மூடித் திறப்பதற்குள் அரிசித் தண்ணீர்.

அவர் கம்பைக் கீழே போட்டார். தலையில் கை வைத்து உட்கார்ந்தார். இன்னொரு சமயமாக இருந்தால் கோபப்பட்டிருப்பார். இப்போது என்னவோ சிரிப்பு வந்தது. முதலில் லேசாகச் சிரித்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். தமயந்தியும் சிரித்துவிட்டார்.

"அடங்கினாலும் அது அங்கதான் இருக்குதுங்களே," என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்ண்ணா. எடுத்து வெளிய உடோணும்."

மறுபடியும் அடங்கவிட்டார்கள். அடங்கிய பிறகு தமயந்தி உறிஞ்சு குழாயைக் கம்பில் மாட்டிக் கொடுத்தார். வடிகட்டிக்குள் விடாமல் நேராக வாய்க்காலுக்குப் போகும்படி வால்வைத் திருப்பினார்.

நாச்சிமுத்து தள்ளினார். புகை கிளம்பியது. நிறுத்தினார். மறுபடி தள்ளினார். மறுபடியும் புகை.

"கை இல்லீங்ண்ணா, காலு. மெதுவா நடங்க."

"எப்படிங்க?"

"மாமன் சீர்த்தட்டு தூக்கிட்டு மேடைக்கு நடப்பாருல்ல, அப்படி."

நாச்சிமுத்து நின்றார். கம்பைச் சரியாகப் பிடித்தார். முதுகை நிமிர்த்தினார். அப்புறம் நடந்தார். மேளம் முன்னால் போக, தலையில் தட்டு ஆடாமல், பின்னால் வரும் சனத்துக்காக அடியை அளந்து வைத்து நடப்பதுபோல் நடந்தார். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. சாம்பல் எழும்பவில்லை. அவர் போன வழியெல்லாம் நீல ஓடு பளபளத்தது. அந்தக் கரையிலிருந்து திரும்பினார். கட்டைவிரல் கம்பின்மேல் இருந்தது, தழும்பு தெரிந்தது. கோகிலா இப்போது எவ்வளவு உயரம் இருப்பாள் என்று நினைத்தார். பட்டம் கட்டக் குனிய வேண்டியிருக்காது, கை எட்டும் உயரம்தான் இருப்பாள் என்று தோன்றியது. ஒரு பாட்டம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

வாய்க்காலில் சாம்பல் தண்ணீர் ஓடி நின்றது. குளத்தில் குறைந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் விட்டார்கள். மோட்டாரைப் போட்டார்கள்.

சாயங்காலம் இறங்கிய வெயிலில் குளம் இருப்பதே தெரியவில்லை. அடி ஓடு ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலிருந்தது. நடுவில் பித்தளைச் சொம்பு மின்னியது.

நாச்சிமுத்து கம்பை எடுக்கவில்லை. படியில் இறங்கினார். நெஞ்சளவு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினார். சொம்போடு எழுந்தார். கரையேறிக் குழாயடியில் புளி போட்டுத் துலக்கினார். பானையிலிருந்து குடிதண்ணீர் நிரப்பி, இரண்டு கையாலும் தமயந்தியிடம் நீட்டினார்.

"இப்பக் கேளுங்ண்ணா," என்றார் தமயந்தி.

"போறதா வேண்டாமான்னு இனிமேக் கேக்கலீங்க." தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "வேட்டிக்குக் கஞ்சி போடச் சொல்லி வீட்டுக்குப் போன் பண்ணியாச்சுங்க. தட்டுக்குப் பழம் சொல்லியாச்சு."

"அப்பறம் என்னங்க?"

நாச்சிமுத்து தயங்கினார். குளத்தைப் பார்த்தார். தமயந்தியின் புடவை நுனியில் இன்னும் போகாமல் இருந்த நீலத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க வெசனம். மண்டபத்து வாசல்ல, ஒறம்பரை பூரா நிக்கறப்ப, அவ மறுபடியும் அதையே கேட்டுப்போட்டா நான் என்னங்க பண்றது?"

தமயந்தி சொம்பை அண்ணாந்து குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க தங்கச்சி எதுக்குங்க மறுபடியும் கேக்கறாங்க? அன்னிக்குக் கேட்டதுக்கே நீங்க இன்னும் பதில் சொல்லலீங்களேண்ணா."